எட்டாவது கேள்வி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அண்ணிக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? உங்கள் காது எப்படி இருக்கிறது? போன தடவை எதிர்வீட்டு போனில் நான் பேசியது தெரு முழுக்கக் கேட்டது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அதனால் இனிமேல் கடிதம்தான்.

போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் புது டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார். அப்பா எதில் போனார், அம்மா எதில் போனார்? அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். "கூடப் பிறந்தவங்க?" என்றார். ஓர் அண்ணன் இருக்கிறார், ஓர் அக்கா பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றேன். "என்ன காய்ச்சல்?" என்றார். தெரியவில்லை. "எந்த வருஷம்?" அதையும் விரல் விட்டுக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். கேஸ் மாற்றிய தேதி முதல் கொசுவலை துவைத்த தேதி வரை எழுதி வைக்கிற எனக்குக் கூடப் பிறந்தவள் செத்த தேதி தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த நாள், படிப்பு, தொழில், துணை, பிள்ளைகள், இறப்பு, குறிப்பு. யாராவது ஒருத்தர் சொன்னால் பென்சிலில் எழுதுகிறேன். இரண்டாவது ஆளும் அதையே சொன்னால்தான் இங்க். இப்போதைக்கு நோட்டு முழுக்கப் பென்சில்தான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு சாயங்காலங்கள் எனக்கு நீளமாகிவிட்டன. அதற்கும் இது ஒரு வழி. உங்கள் மாப்பிள்ளை, "செத்தவங்களை இவ்வளவு விசாரிக்கிறியே, உயிரோட இருக்கிறவன் காபி கேட்டு அரைமணி ஆச்சு" என்கிறார்.

பிரார்த்தனைக்கும் இது உதவியாக இருக்கிறது. நான் தினமும் இரண்டு வரிசையாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கிறவர்களுக்கு உடல் சுகம், போனவர்களுக்கு நற்கதி. இதுவரை வாய்க்கு வந்த ஒழுங்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

எட்டுக் கேள்வி எழுதித் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தாத்தா லாடம் அடித்தாரா, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டாரா? அப்பா எந்த வருடம் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கச் சேர்ந்தார்? அம்மாவின் இடது சுட்டுவிரலில் அந்த வடு எப்படி வந்தது? இப்படி. எட்டாவது கேள்வி அக்காவைப் பற்றியது. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, எங்கே அடக்கம்? அவளைப் பற்றி எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அவள் குடை மட்டும்தான். கறுப்புக் குடை; அடையாளத்துக்குக் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருப்பாள்.

அக்கா போன பிறகு ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருத்தர் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது அம்மா "மூணு" என்றாள். அப்பா உள்ளேயிருந்து, "ரெண்டுன்னு எழுதுங்க" என்றார். எனக்கு அந்த மூன்றாவது ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். அவளுக்கு இரைப்பு, எனக்கு இரைச்சல். ஒருத்தருக்கொருத்தர் பொருத்தமாகத்தான் போகிறது. பாட்டில் கம்பெனியில் இன்னும் அதே நாற்காலிதான். விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஓடுகிற பாட்டிலில் விரிசல் பார்க்கிறேன். சத்தம் காதைத் தின்றுவிட்டது, கண்ணை விட்டுவைத்திருக்கிறது. அடுத்த வருடம் ஓய்வு.

உன் கேள்விகளை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்றாள்.

தாத்தா லாடம்தான் அடித்தார். மாட்டுக்கு அடித்தார், குதிரைக்கு என்று வெளியில் சொல்லிக்கொண்டார். அப்பா அச்சாபீஸில் சேர்ந்தது நான் பிறந்த வருடம். முதல் மாதம் முழுக்க எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கித் திட்டு வாங்கினாராம். அதனால்தான் நம்மிடம் எதையும் நேராக வைக்கச் சொல்லி உயிரை எடுத்தார். அம்மா விரல் வடு தையல் மெஷின் ஊசி. மற்ற நாலையும் தனியே எழுதி இணைத்திருக்கிறேன், பென்சிலில். நீ இங்க் ஊற்றிக்கொள்.

மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்குக் காபி கொடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். உங்கள் ஆயுளுக்கும் அண்ணியின் மூச்சுக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஏழு பதில் வந்து சேர்ந்தது. எட்டாவது வரவில்லை. தாளை மடித்தபோது விட்டுப் போயிருக்கும் என்று உறையைக்கூட உதறிப் பார்த்தேன்.

சும்மா இருக்க மனம் வரவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற அலுவலகத்துக்கு நானே போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் மனு எழுதத் தெரியும்; பொட்டலம் கட்டி வந்த பேப்பரை எல்லாம் பிரித்துப் படித்து வளர்ந்தவள் அல்லவா? அங்கே மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குமாஸ்தா. என்னைப் பார்த்து, "சொத்துத் தகராறாம்மா?" என்றார்.

"இல்லைங்க."

"பென்ஷனா?"

"இல்லைங்க. நோட்டுல எழுத."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நோட்டுல எழுத, நாப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின சாவைத் தேடி வந்திருக்கீங்க?"

"ஆமாங்க. எங்க அக்கா."

அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. ஆளே மாறிவிட்டார். அவரே ஏணி போட்டு ஏறி இறக்கினார். நூல் விட்டுப்போன பெரிய புத்தகங்கள், விரலெல்லாம் செம்மண் நிறத் தூசி. அக்காவின் பிறப்பு இருக்கிறது. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், எல்லாம் சரியாக இருக்கிறது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இங்க்கில் எழுதிவிட்டேன். புத்தகம் ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. ஆனால் இறப்பு இல்லை. அந்த வருடம், முந்தின வருடம், அடுத்த வருடம், மூன்றும் வரி வரியாகப் பார்த்தார். "உங்க அக்கா இந்த ஊர் கணக்குல சாகலைம்மா" என்றார்.

அப்படியென்றால் வேறு ஊருக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோனார்களா? உங்களுக்கு அப்போது பதினைந்து வயது. எனக்கு ஒன்பது. என்னை இரண்டு நாள் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அக்காவின் துணிமணி ஒன்றும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். போன கடிதத்துக்குப் பதில் வந்து சேரவில்லை. தபாலில் தவறியிருக்குமோ என்று நினைத்து, எட்டாவது கேள்வியை மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுத முடியாதபடி உடம்புக்கு ஏதாவது என்றால் அண்ணியை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அக்காவின் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் தங்கை


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அக்கா காய்ச்சலில் இறக்கவில்லை. கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவரோடு போய்விட்டாள். அவர் வேறு கடவுளைக் கும்பிடுகிறவர். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. அவர்கள் இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். அடுத்த வருடம் பிரசவத்தில் அக்காவும் குழந்தையும் இறந்துவிட்டார்கள். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகு விசாரித்தேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் என் கண்ணால் பார்த்தேன். அக்டோபர் 19.

இதோடு அந்தப் பக்கத்தை மூடிவிடு. கிளறிப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இவ்வளவு வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறீர்களே. நான் கேட்டுக் கேட்டு உங்களை வாட்டியதற்கு மன்னித்துவிடுங்கள்.

கடிகாரக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் யாரைக் கும்பிட்டால் என்ன? அக்காவுக்காக நான் வேண்டியதைக் கேட்கிற கடவுள் அவர் வேண்டியதையும் கேட்டிருப்பார். அந்தக் கடிகாரக்காரர் இப்போது இருக்கிறாரா இல்லையா என்று எழுதவில்லையே?

ஒரு காரியம் செய்தேன். இரண்டு பேர் சொல்லாமல் இங்க் கிடையாது என்பது நான் போட்ட சட்டம். அதை நானே மீறிவிட்டேன். முடி அளவு விரிசலைக்கூட விடாத கண் உங்களுடையது. "என் கண்ணால் பார்த்தேன்" என்று நீங்கள் சொன்னால் அது இரண்டு பேர் சொன்ன மாதிரி. அக்டோபர் 19 என்று கறுப்பு இங்க்கில் எழுதி, ஒற்றி, காயவைத்து நோட்டை மூடினேன். நாற்பத்தொரு வருடமாகப் போனவர்கள் வரிசையில் தேதி இல்லாமல் நின்றவளுக்கு இப்போதாவது ஒரு தேதி கிடைத்தது. மனசு லேசாக இருக்கிறது. அழுதேன் என்பதும் உண்மை.

அடக்கம் செய்த இடம் தெரிந்தால் ஒருமுறை எனக்காகப் போய் நின்றுவிட்டு வாருங்கள். எதுவும் செய்ய வேண்டாம், நின்றால் போதும்.

உங்கள் அன்புத் தங்கை


மே 9

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். பாட்டில் ஓடுகிறது, நான் பார்க்கவில்லை. விரிசல் விட்டதை எல்லாம் விட்டுவிட்டேன் என்று மேஸ்திரி திட்டினார். முப்பது வருடத்தில் முதல் தடவை.

அக்கா இருக்கிறாள். அந்தத் தேதி பொய். அன்றைக்கு இறந்தது குழந்தை மட்டும்தான்.

அப்பா கோபத்தில் "அவ செத்துட்டா" என்றார். நீ அதைக் கேட்டுவிட்டு அழுத அழுகையில் அம்மா உன்னிடம் உண்மையைச் சொல்லத்தான் வந்தாள். அப்பா விடவில்லை. "இவகிட்ட சொன்னா நாளைக்குத் தெரு முழுக்க ஒப்பிச்சிடுவா" என்றார். நீ அப்படித்தான் இருந்தாய். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற பிள்ளை. பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டோம். நீ சாமி முன்னால் அவள் பெயரைச் சொல்லி நற்கதி வேண்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகு எனக்கு வாயே வரவில்லை.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததே அவள் இருந்ததால்தான். பாட்டில் கம்பெனி வேலையை வாங்கித் தந்தவர் கடிகாரக்காரர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவுக்கும் தெரியும். ஒருமுறை கண் ஆபரேஷன் என்று இங்கே வந்தாளே, "கண்ணு நல்லாத்தான் இருக்காம்" என்று ஆபரேஷன் இல்லாமலே திரும்பினாளே, அது அக்காவைப் பார்க்கத்தான். எட்டு நாள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பட்டன் தைத்தார்கள். அக்கா ஆஸ்பத்திரித் துணி தைக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். அம்மாவைப் போலவே தையல்.

அப்பா போன பிறகாவது உன்னிடம் சொல்லலாம் என்றேன். அவள்தான் வேண்டாம் என்றாள். "அவ ரொம்ப சாமி கும்பிடுற பொண்ணு. நான் இருக்கிற இருப்பு அவளுக்குப் பிடிக்கலைன்னா? செத்தவளா இருந்தா தினமும் ஒரு தடவை என் பேரைச் சொல்றா. அது போதும்" என்றாள். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

உன் கடிதங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். உன் பென்சில் சட்டத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "என் பேரு பென்சிலா, இங்க்கா?" என்று கேட்பாள். போன கடிதத்தையும் படித்தேன். "அப்படியா? இங்க்கிலயே போட்டுட்டாளா?" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. சத்தியத்தை உடைத்துத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு உடம்பு அவ்வளவு சரியில்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். முடிந்தால் சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்


மே 25

அண்ணனுக்கு,

கடிதம் 14ஆம் தேதி கிடைத்தது. உங்கள் மாப்பிள்ளை ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் உடனே எழுத முடியவில்லை.

உயிரோடு இருக்கிறவளைப் போனவர்கள் வரிசையில் வைத்து நாற்பத்தொரு வருடம் தினமும் வேண்டியிருக்கிறேன். அது என்ன பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன கெடுதல் வந்திருந்தாலும் அதில் என் வாயின் பங்கு எவ்வளவு என்றும் தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. செத்துப்போன அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த அன்றே பெயரை வரிசை மாற்றிவிட்டேன்.

நோட்டிலிருந்து வெற்றுப் பக்கம் ஒன்றைக் கிழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் கொடுங்கள். அவள் பக்கத்தை அவளே எழுதட்டும். ஜூன் 10 கட்டு பிரிக்கிறார்கள். 12ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

தங்கை


ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

நேரடியாகவே எழுதிவிடுகிறேன். அக்கா ஜூன் 2 மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டாள்.

அண்ணியை விட்டு உன் எதிர்வீட்டுக்கு போன் செய்யச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. நீ வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். கடிகாரக்காரரின் ஆட்கள் அவர்கள் முறைப்படி மறுநாள் காலையில் அவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நீ சொன்ன மாதிரி உனக்காகவும் நின்றேன்.

உன் கடிதம் மே 30 வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். நீ முதல் வரியில் 'அன்புள்ள' போடவில்லை. நான் அதை நானாகச் சேர்த்துப் படித்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டாள். "கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தையை மிச்சம் பிடிச்சிட்டா பாரு" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

நீ அனுப்பிய பக்கத்தை இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். நர்ஸிடம் பேனா கேட்டதற்கு அந்தப் பெண் கொடுத்தது. பென்சிலைத் தொடவே இல்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இன்னும் படிக்கவில்லை. உனக்கு எழுதியது.

என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல். கேட்டுக்கொள்கிறேன். கேட்காத காதுக்கு எழுதித்தான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்

(இணைத்த பக்கம்)

பெயர்: உனக்குத் தெரியும். நீ கூப்பிட்டது பெரியக்கா.

பிறந்த நாள்: நீ புத்தகத்தில் கண்டுபிடித்ததுதான் சரி. தூசியில் இருந்து என்னை எடுத்துத் துடைத்திருக்கிறாய்.

படிப்பு: பத்து. கணக்கில் மட்டும் உன்னளவு வராது.

தொழில்: தையல். தலையணை உறை, போர்வை, டாக்டர் கோட்டு. இப்போது படுத்திருக்கிற போர்வையில் ஓரம் அடித்தது நான்தானா என்று பார்த்தேன். இல்லை. இது மோசமான தையல்.

துணை: கடிகாரக்காரர். நல்ல மனுஷன். ஊரில் உள்ள கடிகாரத்தை எல்லாம் சரியாக ஓடவைத்தார், வீட்டுக்கு மட்டும் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

பிள்ளைகள்: ஒரு பையன். ஆறு நாள் இருந்தான். எங்கேயும் அவன் பெயரை எழுதவில்லை, பெயரே வைக்கவில்லை. அவனுக்கு உன் நோட்டில் ஒரு பக்கம் கிடைக்குமா? சாட்சி நான் ஒருத்திதான். பென்சிலில் இருந்தாலும் பரவாயில்லை.

இறப்பு: இதை நீ போட்டுக்கொள். ஒருமுறை அப்பா எழுதினார், ஒருமுறை தம்பி எழுதினான். மூன்றாவது தடவையாவது சரியாக வரட்டும்.

குறிப்பு: என் குடை கடிகாரக் கடையில் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னது நீதான் என்று எனக்கு அப்போதே தெரியும். சிவப்பு நூலை வைத்துக் கண்டுபிடித்திருப்பாய். நான் மறந்துவிட்டு வந்த குடை கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் ஓடி வந்து சொன்னாய். உன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இல்லை. தினமும் என் பெயரைச் சொன்னாயாமே. எந்த வரிசையில் என்றால் என்ன, கூப்பிட்டாய் இல்லையா. 12ஆம் தேதி வா. கை வலிக்கிறது.


ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மிச்சம் பிடித்த வார்த்தையைத் திருப்பி மேலே போட்டுவிட்டேன். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

உங்கள் கடிதம் 9ஆம் தேதி வந்தது. 12ஆம் தேதி பெட்டியோடு ரயில் நிலையம் வரை போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எங்க போறீங்க?" என்றாள். "எங்க அக்காவைப் பார்க்க" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் வண்டி ஏற முடியவில்லை. போய்விட்டது. நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

குடை விஷயம் எனக்கு நினைவே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். அப்பா என் கன்னத்தைத் தட்டி, "என் கணக்குப்பிள்ளை" என்று முதல்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான். எட்டுக் கேள்வி எழுதியவள் ஒன்பதாவதை எழுதவில்லை. அக்கா ஏன் போனாள் என்று நான் யாரையும் கேட்டதே இல்லை.

நோட்டில் அக்காவின் பக்கத்தில் நான் எழுதிய அக்டோபர் 19 அப்படியே இருக்கிறது. இங்க்கை அழிக்க முடியாது. ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன், கோடு தெரியட்டும். கீழே ஜூன் 2 என்று எழுதினேன். அவள் எழுதிய பக்கத்தை எதிரில் ஒட்டிவிட்டேன். அடுத்த பக்கம் பையனுக்கு. ஆறு நாள் என்று இங்க்கிலேயே எழுதினேன். ஒரு சாட்சி போதும்.

அக்கா என் 'இருக்கிறவர்கள்' வரிசையில் மே 14 முதல் ஜூன் 9 வரை இருந்தாள். அதில் அவள் உண்மையில் உயிரோடு இருந்தது பத்தொன்பது நாள். மிச்சம் ஏழு நாள் மறுபடியும் தப்பு வரிசையில் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழு நாளை மட்டும் கடவுளிடம் நான் திருத்திச் சொல்லப் போவதில்லை.

அந்தப் பத்தொன்பதில் முதல் பதினொரு நாள் உங்களுக்கு நான் எழுதவில்லை. மாவுக்கட்டு என்று எழுதியிருந்தேனே, அது சாக்கு. அவரைக் கவனிக்க மகள் வந்திருந்தாள். எனக்குக் கோபம். உங்கள் கடிதத்தை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, காலையும் மாலையும் அவள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, பேனாவை மட்டும் எடுக்காமல் இருந்தேன். முதல் நாளே எழுதியிருந்தால், முதல் நாளே கிளம்பியிருந்தால், பட்டன் தைக்க எட்டு நாள் எனக்கும் கிடைத்திருக்கும்.

ஜூலை 2, அவள் போய் முப்பதாவது நாள். அன்றைக்கு அங்கே இருப்பேன். இந்தத் தடவை வண்டி ஏறிவிடுவேன். நோட்டைக் கொண்டுவருகிறேன். அவள் பக்கத்தில் சாட்சி என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் நான் போடுகிறேன்.

என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் நாற்பத்தொரு வருடம் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். நான் பதினொரு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியும், அண்ணா. கூட்டவில்லை.

அண்ணியின் மூச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை